டயல் டோனுக்காகக் காத்திருந்த மோடம்

இது நடந்தது 2007-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், பெங்களூரில். அப்போது நாங்கள் சிட்டி ரயில் நிலையத்தை ஒட்டிய ஒக்கலிபுரத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். சுரங்கத்தை மூடியதும் குடும்பத்தோடு இங்கே வந்து ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி வேலைக்குச் சேர்ந்தார். நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கால் சென்டரில் இரவு ஷிப்டில் இருந்தேன். பிரிண்டர் ஓடவில்லை என்று அமெரிக்காக்காரர்கள் கத்துவதை ஹெட்போனில் கேட்டு, பொறுமையாகப் பதில் சொல்லும் வேலை. காதை வாடகைக்கு விட்டுத்தான் பிழைத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. என்னைவிட மூன்று வயது சின்னவன். காக்ஸ் டவுனில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பான். தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் அவன் விரல் ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் நமக்கு மயக்கம் வரும். வீட்டில் நாங்கள் சைகையில்தான் பேசுவோம். பாதி பள்ளிக்கூடத்தில் படித்த சைகை, மீதி நாங்களாக உண்டாக்கியது. அவனுக்கு உலகத்திலேயே பிடிக்காத விஷயம், அவனுக்குக் காது கேட்காது என்று தெரிந்தவுடன் எதிரில் இருப்பவர்கள் வாயை அகலமாகத் திறந்து, மெதுவாக, குழந்தையிடம் பேசுவதுபோலப் பேச ஆரம்பிப்பது. அதைப் பார்த்த நொடியில் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

பெரியம்மா மகன் மஸ்கட்டிலிருந்து வந்தபோது, தான் விளையாடி முடித்த ஒரு வீடியோ கேம் பெட்டியை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கம்பெனியே அதைச் செய்வதை எப்போதோ நிறுத்தியிருந்தது. ஆனால் அதன் பக்கவாட்டில் ஒரு மோடம் இருந்தது. டெலிபோன் ஒயரை அதில் சொருகினால் பெட்டி தானாகவே நம்பரைச் சுழற்றி இன்டர்நெட்டுக்குள் போய்விடும். உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரோடும் சேர்ந்து விளையாடலாம். கூடவே ஒரு கீபோர்டும் இருந்தது.

தம்பி விளையாடியது, நான்கு பேர் ஓர் அணியாக வேறு ஒரு கிரகத்தில் இறங்கி, காட்டிலும் குகையிலும் பூதங்களோடு சண்டை போடுகிற விளையாட்டு. இரண்டு பேர் கத்தி எடுத்து முன்னால் போவார்கள். ஒருவர் தூரத்திலிருந்து சுடுவார். நான்காவது ஆள் பின்னால் நின்று, அடிபட்டவர்களுக்கு மருந்து போட்டு எழுப்பிவிட வேண்டும். தம்பிதான் அந்த நான்காவது ஆள். அணியில் ஒருவர் ஜப்பான், ஒருவர் பிரேசில், ஒருவர் அமெரிக்கா. இரண்டு வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து விளையாடியவர்கள். அந்த விளையாட்டில் யாராக இருந்தாலும் டைப் அடித்துத்தான் பேச வேண்டும். அதில் தம்பியை மிஞ்ச ஆளே இல்லை. அவனுக்குக் காது கேட்காது என்பது அந்த மூன்று பேருக்கும் தெரியாது. அவனும் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

அந்த வருஷம் எங்கள் தெருவில் ரோடு வேலைக்காகத் தோண்டினார்கள். டெலிபோன் கேபிள் அறுந்தது. வீட்டு போன் செத்துக் கிடந்தது. ஒரு நாள் மத்தியானம் நான் தூங்கி எழுந்து வந்தால் போன் இருந்த ஸ்டூலில் பூ ஜாடி இருக்கிறது. அப்பா போன் இணைப்பையே ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார்.

"இன்னாத்துக்குப்பா அவசரம்? ரோடு வேல முடிஞ்சா அவங்களே சரி பண்ணுவாங்க இல்ல?" என்றேன்.

"நம்ம மூணு பேர் கையிலயும் செல்லு இருக்குது. அவனுக்கு எதுக்கும்மா போனு?" என்றார் அப்பா.

எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அந்த வீட்டில் போனை அதிகமாக உபயோகித்தவனே தம்பிதான். நாங்கள் மூன்று பேரும் அதைத் தொட்டு மாசக்கணக்காகி இருந்தது. காது கேட்காதவனுக்குப் போன் தேவைப்படாது என்று நினைப்பது எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள். அப்பா கெட்டவர் இல்லை. தம்பிக்காக உயிரையே விடுவார். ஆனால் அவனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

தம்பி சாயங்காலம் வந்தான். ஸ்டூலைப் பார்த்தான். சுவரில் தொங்கிய ஒயரைக் கையில் எடுத்துப் பார்த்தான். 'என்னை ஏன் கேட்கலை?' என்று அப்பாவைப் பார்த்து ஒரே ஒரு தடவை சைகை காட்டினான். அதற்குப் பிறகு அவன் சண்டை போடவில்லை. கேம் பெட்டியை ஒரு பழைய துண்டில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டுப் படுத்துவிட்டான். அவன் கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

மறுநாள்தான் முழு விஷயமும் எனக்குத் தெரிந்தது. அந்த விளையாட்டை நடத்திய கம்பெனி தன் சர்வரை மூடிவிட்டது. ரசிகர்கள் சில பேர் சேர்ந்து சொந்தமாக ஒரு சர்வர் வைத்திருந்தார்கள். பழைய சர்வரில் கடைசியாகச் சந்தித்தபோது நான்கு பேரும் ஒரு முடிவு செய்திருந்தார்கள். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, நம் நேரப்படி காலை ஏழு மணிக்கு, புது சர்வரில் முதல் அறையில் கூட வேண்டும். பழைய இடத்தில் சேமித்து வைத்த நண்பர் பட்டியல் எதுவும் புது இடத்துக்கு வராது. அவர்கள் நிஜப் பெயர் தம்பிக்குத் தெரியாது, இமெயில் தெரியாது. விளையாட்டுக்கு வைத்துக்கொண்ட பட்டப்பெயர் மட்டும்தான் தெரியும். அதையும் அங்கே மாற்றிக்கொள்ளப் போவதாகப் பேசியிருந்தார்களாம். அன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

'விடு, போனால் போகட்டும்' என்று அவன் கையை உதறிக் காட்டினான். எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. யாராவது 'விடு' என்று சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவேன். பரண்மேல் ஏறி அந்தப் பெட்டியை இறக்கினேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இது ஓடியாக வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

முதலில் டெலிபோன் ஆபீசுக்குப் போய் இணைப்பைத் திரும்பக் கேட்டேன். அங்கிருந்தவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "மொதலு ரோட் கெலசா முகிலி மேடம்," என்றார். முதலில் ரோடு வேலை முடியட்டுமாம். எப்போது முடியும் என்று கேட்டேன். அவர் மேலே பார்த்துக் கையை விரித்தார். பெங்களூரில் ரோடு வேலை எப்போது முடியும் என்று கேட்ட என்னைத்தான் சொல்ல வேண்டும்.

வீட்டில் இன்டர்நெட் இல்லாமல் இல்லை. கேபிள் டிவிக்காரர் டிவி கேபிளோடு சேர்த்து ஒரு இன்டர்நெட் ஒயரையும் இழுத்து, தம்பியின் கம்ப்யூட்டருக்குக் கொடுத்திருந்தார். ஆனால் இந்தக் கேம் பெட்டிக்கு டெலிபோன் ஒயரைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அந்த மோடத்தைக் கழற்றிவிட்டு மாட்டுவதற்கென்று வேறு ஒரு கருவி இருக்கிறது என்று படித்தேன். அது வெளிநாட்டில் ஏலத்தில்தான் கிடைக்கும். விலையைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிட்டேன்.

எங்கள் ஆபீசில் நெட்வொர்க் பார்க்கும் ஒருவரிடம் கேட்டேன். வேலூர்க்காரர். விஷயத்தைக் கேட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு யோசித்தார்.

"டெலிபோன் ஆபீசு உனக்கு எதுக்கு? நீயே டெலிபோன் ஆபீசா மாறிடு. கம்ப்யூட்டர்ல இன்னொரு பழைய மோடம் மாட்டு. ரெண்டையும் ஒரே ஒயர்ல கோத்துடு. அந்தப் பொட்டி எங்கியோ ஊருக்குப் போன் போடறதா நெனச்சிக்கும். பக்கத்து டேபிள்ல இருக்கற உன் கம்ப்யூட்டர் எடுத்துப் பேசும். அங்கேருந்து கேபிள்காரன் லைன்ல அனுப்பிடலாம்."

சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது.

மோடம் தேடி நானும் தம்பியும் எஸ்.பி. ரோட்டுக்குப் போனோம். எலெக்ட்ரானிக் சாமானுக்குப் பெயர்போன தெரு அது. கடை கடையாக ஏறி இறங்கினோம். எல்லாரும் ஒரே மாதிரி பார்த்தார்கள். "மோடமா? அரே மேடம், அத்த இப்ப யாரு கேக்கறாங்க? புது ரூட்டர் தர்றேன், எடுத்துக்கினு போங்க," என்றார் ஒருவர். இன்னொருவர், போன வாரம்தான் ஒரு சாக்கு நிறையப் பழைய சாமான்காரருக்குப் போட்டேன் என்று சந்தோஷமாகச் சொன்னார். மழை வேறு. குடை தம்பி கையில் இருந்ததால் சைகை பேச அவனுக்கு ஒரு கைதான். பாதிப் பேச்சு எனக்குப் புரியவில்லை, ஆனால் திட்டுகிறான் என்பது மட்டும் புரிந்தது.

கடைசியில் ஒரு சந்துக்குள் இருந்த கடைக்காரர் படிக்கட்டுக்கு அடியிலிருந்து ஒரு கோணிப்பையை இழுத்துக் கொட்டினார். "இதுல இருந்தா பாத்துக்கோங்க. ஓடுமா ஓடாதான்னு மட்டும் என்னைக் கேக்கக் கூடாது," என்றார். தம்பி அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டி, முன்பக்கம் வரிசையாக விளக்குகள் வைத்த ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்தான். கூடவே ஒரு பழைய டெலிபோனையும் பொறுக்கிக்கொண்டோம். கடைக்காரர் தம்பியிடம் ஏதோ கேட்டார். நான் அவனுக்குக் காது கேட்காது என்றேன். உடனே அவர் அவனுடைய முகத்துக்கு நேராகக் குனிந்து, வாயை அகலமாகத் திறந்து, "நல்… லா… ஓ… டும்!" என்றார். தம்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அடுத்த இரண்டு வாரம் எங்கள் வீட்டு ஹால் ஒரு ஒர்க்‌ஷாப்பாக மாறிவிட்டது. காலையில் கம்பெனி வண்டி என்னை இறக்கிவிடும். குளித்துவிட்டு நேராக அந்த ஒயர்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிடுவேன். அச்சகத்துக்குக் கிளம்பும்வரை தம்பியும் உட்காருவான். பிறகு கண் எரிய எரியத் தூங்கப் போவேன்.

முதல் நாளே பெட்டி, 'லைன் இல்லை' என்று எழுதிக் காட்டிவிட்டது. காரணம் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. டெலிபோன் ஒயரில் எப்போதும் கொஞ்சம் மின்சாரம் இருக்குமாம். எக்ஸ்சேஞ்சிலிருந்து வருமாம். நம்முடைய ஒயர் மேஜைக்கு மேஜை போகும் வெறும் ஒயர், அதில் ஒன்றும் இல்லை. சரி, நாமே கொடுப்போம் என்று ஒயரை நடுவில் வெட்டி ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரியைக் கோத்தேன். நடுவில் மின்சாரத்தை மட்டுப்படுத்த ஒரு சின்ன ரெசிஸ்டர் போட வேண்டும் என்று எழுதியிருந்ததை அவசரத்தில் விட்டுவிட்டேன். பேட்டரி சூடாகி ஒரு நாற்றம் வந்தது. அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து, "வீட்ட கொளுத்திட்டு அப்புறம் எங்க குந்திக்கினு வெளயாடுவீங்க?" என்றார். மறுபடி எஸ்.பி. ரோடு, ரெசிஸ்டர், புது பேட்டரி. இந்தத் தடவை பெட்டி லைனை ஒப்புக்கொண்டது. நானும் தம்பியும் கையைத் தட்டிக்கொண்டோம். அடுத்த நிமிஷமே திரையில் புது வாசகம் வந்தது. 'டயல் டோன் இல்லை.'

போனைக் காதில் வைத்தவுடன் ஙொய் என்று ஒரு சத்தம் கேட்குமே, அதுதான். அதைக் கேட்டால்தான் நம்பரைச் சுழற்றுவேன் என்று பெட்டி அடம் பிடித்தது. எக்ஸ்சேஞ்ச் இல்லாத ஒயரில் சத்தத்துக்கு எங்கே போவது?

இங்கேதான் நான் ஒரு வாரத்தைத் தொலைத்தேன். முதலில் ஆபீஸ் போனிலிருந்து டயல் டோனை என் செல்போனில் பதிவு செய்துகொண்டு வந்தேன். அந்தப் பழைய டெலிபோனையும் அதே ஒயரில் இணைத்து, அதன் பேசும் பக்கம் செல்போனை வைத்து ஓடவிட்டேன். பெட்டி மசியவில்லை. சத்தம் கரகரவென்று இருந்தது. கம்ப்யூட்டர் ஸ்பீக்கரை வைத்துப் பார்த்தேன். அதுவும் சரிப்படவில்லை. கடைசியில் நானே பாடிவிடுவது என்று இறங்கினேன். சிரிக்காதீர்கள். நான் சர்ச் பாட்டுக் குழுவில் ஆல்டோ என்ற கீழ்க்குரல் பாடுகிறவள். ஒரு சுருதியைப் பிடித்தால் விடாமல் நிற்பேன். டெலிபோனை வாயருகே வைத்துக்கொண்டு, 'ம்ம்ம்ம்' என்று மூச்சுமுட்ட முனகினேன். அம்மா எட்டிப் பார்த்து, "கிறிஸ்மஸ் பாட்டுக்கு இப்பவே பிராக்டீசா? இன்னாடி இது, ஒரே எடத்துல நிக்குது?" என்றார். ஒரு தடவை, சத்தியமாகச் சொல்கிறேன், பெட்டி என் குரலை டயல் டோன் என்று நம்பி இரண்டு எண்களைச் சுழற்றியது. எனக்கு மூச்சு வாங்கியதும் நிறுத்திவிட்டது.

அந்த ஒரு தடவையை நம்பி மேலும் மூன்று காலைப் பொழுதுகள் முனகினேன். இதற்குள் மாதம் பிறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை. தம்பிக்கு லீவு. நான் கண்ணை மூடிக்கொண்டு முனகிக்கொண்டிருந்தேன். அவன் என் தோளைத் தட்டினான்.

'வாயை வைத்துக்கொண்டு தினமும் என்ன செய்கிறாய்?' என்று கேட்டான். அதுவரை அவனுக்கு அது என்னவென்றே நான் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

'சத்தம். இந்தப் பெட்டி ஒரு சத்தத்துக்காகக் காத்திருக்கிறது. அதைக் கேட்டால்தான் போன் போடும்' என்று காட்டினேன்.

'அது எதற்குக் கேட்க வேண்டும்?'

'லைன் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள.'

அவன் ஒயரைப் பார்த்தான், பேட்டரியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். 'லைன் இருக்கிறது. நாம்தானே போட்டோம். கேட்காமலே போடச் சொல்' என்றான்.

சொல்லிவிட்டு என் மடியிலிருந்த கன்ட்ரோலரை எடுத்தான். செட்டிங்ஸுக்குள் போனான். அங்கே 'டயல் டோனுக்காகக் காத்திருக்கவும்' என்று ஒரு வரி இருந்தது, எதிரில் ஆம், இல்லை. அந்த வரியை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பார்த்து, 'ஆம்' என்று இருக்கிறதா என்று உறுதியும் செய்துகொண்டிருக்கிறேன்! போனில் சத்தம் வரவில்லை என்றால் போன் செத்துவிட்டது என்றுதானே பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும்? அந்தச் சத்தம் இல்லாமலும் ஒரு போன் வேலை செய்யலாம் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. தம்பிக்கு எல்லாப் போனும் எப்போதும் சத்தமில்லாத போன்தான். 'இல்லை' என்று மாற்றினான். பெட்டி மறுபேச்சில்லாமல் நம்பரைச் சுழற்றியது.

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷத்தில் கத்த வேண்டும்போலவும் இருந்தது. இரண்டாவதைத்தான் செய்தேன்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. எக்ஸ்சேஞ்ச் இல்லாததால் இந்தப் பக்கம் மணி அடிக்காது. பெட்டி நம்பரைச் சுழற்றி முடித்தவுடன் கம்ப்யூட்டர் மோடத்துக்கு 'எடு' என்று நாம்தான் கட்டளை கொடுக்க வேண்டும். முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு. நான் காதைத் தீட்டிக்கொண்டு, பீப் பீப் நிற்கும் நொடிக்காகக் காத்திருந்து பட்டனைத் தட்டினேன். இரண்டு தடவை தப்பியது. தம்பி என்னை நகரச் சொன்னான். திரையில் 'அழைக்கிறது' என்ற சொல் மாறும் இடத்தை அவன் கண்ணால் பிடித்தான். ஒரு கை கீபோர்டில், இன்னொரு உள்ளங்கை அந்த வெள்ளை மோடத்தின்மேல். தட்டினான். மோடம் கீச்சிட்டது, இரைந்தது, கரகரத்தது. அந்த அதிர்வு முழுவதையும் அவன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டிருந்தான். சட்டென்று சத்தம் நின்றது. நான் போச்சு என்று நினைத்தேன். அவன் கையை எடுக்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தான். விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. திரையில் 'இணைந்தது' என்று வந்திருந்தது.

மறுநாள் ஞாயிறு எங்கள் சர்ச்சில் திருவிருந்து ஞாயிறு, அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கிற நாள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையை அம்மா எதற்காகவும் விட்டதில்லை, எங்களையும் விட்டதில்லை. எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது அம்மாவே, "ஆண்டவரு எங்கியும் ஓடிடமாட்டாரு. ரெண்டாவது ஆராதனைக்குப் போய்க்கலாம். மொதல்ல அவன் சிநேகிதங்க வர்றாங்களா பாரு," என்றார். அப்பா அன்றைக்கு ஷிப்டை மாற்றிக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். புதிதாக இரண்டு பேட்டரி வாங்கி வந்து மேஜையில் வைத்தார். தம்பி அதைப் பார்த்தான். அப்பாவுக்குத் தன் டம்ளரிலிருந்து பாதிக் காப்பியை ஊற்றிக் கொடுத்தான். அந்த வீட்டில் சமாதானம் அப்படித்தான் நடக்கும்.

முதல் முயற்சியிலேயே லைன் கிடைத்தது. புது சர்வரின் முதல் அறையில் தம்பியின் பொம்மை தன்னந்தனியாக நின்றது. ஏழு மணி ஆயிற்று. யாரும் வரவில்லை. ஏழே கால். நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். தம்பி அசையவில்லை. திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை. பிறகு ஒரு பொம்மை வந்தது. அடுத்தாற்போல் இரண்டு. அவர்கள் வேறு ஓர் அறையை முதல் அறை என்று நினைத்துக் காத்திருந்து, அங்கே அவன் இல்லையென்று இங்கே தேடி வந்தார்களாம். மூன்று பேரும் அவனைச் சுற்றிச் சுற்றிக் குதித்தார்கள். அம்மா, "இதுல எது நம்ம புள்ள?" என்று கேட்டார்.

காட்டுக்குள் இறங்கினார்கள். நடந்துகொண்டே, வீட்டு போன் போய்விட்டதையும், இரண்டு வாரம் பட்ட பாட்டையும் தம்பி டைப் அடித்துச் சொன்னான். பிரேசில்காரருக்கு அது பெரிய கவலையாகிவிட்டது. இனிமேல் இப்படித் தொலைந்து போகக் கூடாது, உன் செல் நம்பரைக் கொடு, அடுத்த தடவை நீ வரவில்லை என்றால் நான் போன் பண்ணுகிறேன் என்று கேட்டார். அமெரிக்காக்காரரும் ஆமாம், ஆமாம், கொடு என்றார்.

தம்பியின் விரல்கள் கீபோர்டின்மேல் நின்றுவிட்டன. அவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்த விரல்கள். இரண்டு வருஷமாக அவன் பாதுகாத்த இடம் அது. ஏதாவது சாக்குச் சொல்லட்டும், என் நம்பரைக் கொடுக்கட்டும், 'நான் பேசிக்கொள்கிறேன்' என்று சைகை காட்டுவதற்காக நான் கையைத் தூக்கினேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. ஆங்கிலத்தில் ஒரு வரி அடித்தான். 'போன் பண்ணினால் எடுக்க முடியாது. எனக்குப் பிறவியிலேயே காது கேட்காது.' என்டர் தட்டினான்.

திரையில் மூன்று பொம்மைகளும் அசையாமல் நின்றன. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு பாடுபட்டு அவனை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததே இதற்குத்தானா என்று நினைத்தேன்.

அவர்கள் நின்ற நேரத்தில் புதருக்குள்ளிருந்து பூதங்கள் கூட்டமாக வந்து பிரேசில்காரரைச் சூழ்ந்துகொண்டன. திரையில் அவருடைய வார்த்தைகள் பெரிய எழுத்தில் வந்து விழுந்தன. 'சரி. இமெயில் கொடு. அதுக்கு முன்னாடி மருந்து போடு! நான் சாகறேன்! மருந்து! மருந்து!'

தம்பி சத்தம் போட்டுச் சிரித்தான். அவன் சிரிப்பு கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், அதனால் வெளியில் அடக்கிக்கொள்வான். அன்றைக்கு அடக்கவில்லை. சிரித்துக்கொண்டே மருந்து போட்டான், பிரேசில்காரர் பிழைத்தார், நான்கு பேரும் சேர்ந்து அந்தப் பூதங்களை ஒரு கை பார்த்தார்கள். சண்டை முடிந்த பிறகு ஜப்பான்காரர் நிதானமாக, தனக்கு ஆங்கிலத்தில் பேச வராது, எழுதத்தான் வரும், போன் என்றதும் தானும் பயந்துதான் போனதாக எழுதினார். அமெரிக்காக்காரர் ஒரு வரிகூட அதைப் பற்றிக் கேட்கவில்லை. அடுத்து குகைக்குப் போகலாமா என்று மட்டும் கேட்டார். நாங்கள் இரண்டாவது ஆராதனைக்கும் தாமதமாகத்தான் போனோம்.

அந்த நான்கு பேரும் இன்றைக்கும் தொடர்பில் இருக்கிறார்கள். தம்பிக்குக் கல்யாணம் ஆகி, அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது முதல் வாழ்த்து பிரேசிலில் இருந்துதான் வந்தது. நானும் அந்தக் கால் சென்டரை விட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன். ஒரு காரியத்தைத் தொடங்கப் பயந்து, எங்கிருந்தாவது பச்சைக்கொடி தெரியட்டும் என்று உட்கார்ந்திருக்கும் நாட்கள் எனக்கு நிறைய வருகின்றன. அப்போதெல்லாம், பதில் என்ன வரும் என்று தெரியாமலே அந்த ஒரு வரியை அடித்துவிட்டு என்டர் தட்டிய என் தம்பியின் கையை நினைத்துக்கொள்வேன். நினைத்துக்கொண்டு எழுந்து அந்தக் காரியத்தைச் செய்யப் போவேன்.